கூரையில் பூ, சன்னலில் காகிதம்: பருவத்துக்குப் பருவம் உடை மாற்றும் காஷ்மீர் வீடு

தீபாவளி முடிந்த கையோடு வடக்கே இருக்கும் நம் குடும்பங்களில் ஒரு வேலை தொடங்கிவிடும். பரணில் இருந்து ரஜாய் இறங்கும், இரண்டு நாள் மொட்டை மாடியில் வெயில் காயும், கூலர் பழைய பெட்ஷீட்டைப் போர்த்திக்கொண்டு மூலைக்குப் போகும். தில்லியோ சண்டிகரோ லக்னோவோ, எங்கே இருந்தாலும் இதே கதைதான். ஹோலி வந்தால் எல்லாம் தலைகீழ். ஊரில் நமக்கு இந்தப் பழக்கமே கிடையாது. மதுரைக்காரனுக்கு வீடு என்றால் வருஷம் முழுக்க ஒரே வீடுதான். ஆடியில் ஒரு ஃபேன், மார்கழியில் ஒரு போர்வை, அவ்வளவே.

பத்திரிகைகளில் "பருவத்துக்கேற்ற வீட்டு அலங்காரம்" என்று வண்ணப் படத்தோடு வருமே, குஷன் உறையை மாற்று, திரைச்சீலையை மாற்று என்று, அதைப் பார்த்தால் எனக்கு ஸ்ரீநகர் ஞாபகம்தான் வரும். டிரான்ஸ்ஃபரில் போய் மூன்று குளிர்காலம் இருந்த ஊர். வீட்டைப் பருவத்துக்குப் பருவம் மாற்றி உடுத்துவதை நானூறு வருஷத்துக்கு மேல் தொழிலாகவே செய்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். அந்தச் சரித்திரம்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பருவக் கணக்கு. காஷ்மீரிகளுக்கும் நம்மைப் போலவே ஆறு பருவம். சோந்த், ரெத்கோல், வஹ்ராத், ஹருத், வந்த, ஷிஷுர். நம் பெரும்பொழுது ஆறும் பள்ளிக்கூடத்தோடு போய்விட்டது. தமிழ்நாட்டில் யாரும் "இப்போது கூதிர்காலம், சன்னலைச் சாத்து" என்று சொல்வதில்லை. (ஒரு காலத்தில் சொன்னவர்கள்தான். நக்கீரரின் நெடுநல்வாடையை எடுத்துப் பாருங்கள். வாடைக் காற்றுக்குப் பயந்து சன்னல் கதவைச் சாத்தி, விசிறியை மாட்டி வைத்து, வாய் அகன்ற "தடவு" என்ற மண் சட்டியில் நெருப்புப் போட்டுக் குளிர் காய்கிறார்கள். வீட்டைக் குளிருக்குத் தயார் செய்வது நமக்கும் தெரிந்திருந்த வித்தைதான்.) காஷ்மீரில் அந்த ஆறும் இன்னும் பேச்சில் இருக்கிறது. அதிலும் குளிருக்குள்ளேயே உட்பிரிவு வைத்திருக்கிறார்கள். டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் சில்லாய் கலான், அடுத்த இருபது நாள் சில்லாய் குர்த், கடைசிப் பத்து நாள் சில்லாய் பச்சா. பெரிய குளிர், சின்னக் குளிர், குட்டிக் குளிர்! எங்கள் கிளைக்கு வருகிறவர்கள் கூட "சில்லாய் கலான் முடியட்டும் சார், தவணை கட்டுகிறேன்" என்றுதான் சொல்வார்கள். மார்ச் 31 எங்களுக்கு எப்படியோ, அவர்களுக்கு ஜனவரி 30 அப்படி.

இனி வீட்டுக்கு வருவோம். மேலே இருந்து தொடங்குகிறேன்.

1586-ல் அக்பர் காஷ்மீரைப் பிடித்தார். அதன் பிறகு அபுல் பஸல் எழுதிய அயினி அக்பரியில் காஷ்மீர் வீடுகளைப் பற்றி ஒரு பகுதி உண்டு. வீடுகள் எல்லாம் மரம், நான்கு மாடியும் அதற்கு மேலும் உண்டு, கீழ்த்தளத்தில் மாடும் தட்டுமுட்டுச் சாமானும், அதற்கு மேலே குடும்பம் என்று விவரிக்கிறார். கூரையில் துலிப் பூ வளர்க்கிறார்கள் என்றும் எழுதுகிறார். 1620 வசந்தத்தில் அங்கே போன ஜஹாங்கீரும் தன் நினைவுக் குறிப்பில் இதையே சொல்கிறார். கூரையில் மண் பரப்பி, அதில் துலிப் கிழங்கை ஊன்றி வைக்கிறார்கள், வருஷா வருஷம் வசந்தத்தில் பூக்கிறது என்று. பூவென்றால் உயிரை விடும் பாதுஷா, விடுவாரா!

இதை வெறும் அழகு என்று நினைத்துவிடக் கூடாது. கூரைப் பலகைக்கு மேல் பூர்ஜ மரப்பட்டையை அடுக்கடுக்காக விரிப்பார்கள். தண்ணீர் இறங்காது. (காகிதம் வருவதற்கு முன் காஷ்மீரத்துப் பண்டிதர்கள் சாரதா லிபியில் ஏடு எழுதியதும் இதே பட்டையில்தான். தலைக்கு மேலும் அதுவே, கைக்குள்ளும் அதுவே.) பட்டையைக் காற்று தூக்காமல் இருக்க அதன் மேல் மண். மண் குளிரையும் வெயிலையும் உள்ளே விடாது. மண் கரைந்து போகாமல் இருக்கப் புல்லும் கிழங்குச் செடியும். வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். பனி உருகியதும் பூ தானாக வெளியே வரும். ஆக வசந்த அலங்காரம் என்பது அங்கே கூரை ரிப்பேரின் உபரி வருமானம்! 1895-ல் வெளிவந்த வால்டர் லாரன்ஸின் "காஷ்மீர்ப் பள்ளத்தாக்கு" என்ற புத்தகத்திலும் இந்தப் பூக்கூரைகள் இருக்கின்றன. அவர் நிலத்தீர்வை அதிகாரியாக ஊர் ஊராக நடந்தவர். வருவாய்த்துறை ஆள் எழுதிய புத்தகம் இவ்வளவு சுவையாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

அதற்குப் பிறகு தகரம் வந்தது. தகரக் கூரையில் பனி தங்காது, சறுக்கி விழுந்துவிடும். தீப்பிடிக்கும் பயம் குறைவு. வருஷா வருஷம் மண் போட வேண்டியதில்லை. யாரைக் குறை சொல்வது? இருபதாம் நூற்றாண்டில் படிப்படியாக ஸ்ரீநகர் முழுக்கத் தகரமாகிவிட்டது. பழைய மண்கூரையை இன்று தேடித்தான் பார்க்க வேண்டும். 2007-ல் ஸபர்வான் மலை அடிவாரத்தில் பெரிய துலிப் தோட்டம் திறந்தார்கள். நம் ஆட்களும் ஏப்ரலில் கூட்டம் கூட்டமாகப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு தலையில் வைத்திருந்த பூ, இன்று டிக்கெட் வாங்கிப் பார்க்கிற பூ.

அடுத்தது சுவர். இது பருவ அலங்காரம் இல்லையே என்று கேட்காதீர்கள், சுவர் புரியாமல் மற்றது புரியாது. மரம் ஏராளமாகக் கிடைப்பதாலும் அடிக்கடி பூமி அதிர்வதாலும் கல்லிலும் செங்கல்லிலும் வீடு கட்டுவதில்லை என்று அபுல் பஸல் காரணமும் சொல்லிவிட்டார். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன் காஷ்மீரை ஆண்ட மிர்ஸா ஹைதர் துக்ளத் தன் தாரீக்-இ-ரஷீதியில் ஐந்து மாடி மர வீடுகளைப் பார்த்து வாய் பிளக்கிறார். செங்கல் புழக்கத்துக்கு வந்த பிறகும் மரத்தைக் கைவிடவில்லை. இரண்டு விதம் உண்டு. தாக் என்பது செங்கல் தூண்களை மாடிக்கு மாடி மரச் சட்டத்தால் கட்டிப் போடுவது. இத்தனை தாக் வீடு என்றுதான் வீட்டின் அளவையே சொல்வார்கள். தஜ்ஜி தேவாரி என்பது மரச் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பூட்டி, இடைவெளியில் செங்கல்லும் மண்ணும் அடைப்பது. பேருக்கு அர்த்தம் ஒட்டுத்துணிச் சுவர். நம் பாட்டிகள் பழைய புடவைத் துண்டுகளை இணைத்துத் தைப்பார்களே, அதே வேலையைச் சுவரில் செய்திருக்கிறார்கள்.

1885 மே 30 பூகம்பத்தில் பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அங்கே மிஷன் டாக்டராக இருந்த ஆர்தர் நெவ் பிற்பாடு எழுதியபோது, மரச்சட்டம் வைத்து ஒழுங்காகக் கட்டிய வீடுகள் ஆடினாலும் பிடித்து நின்றதை வியந்திருக்கிறார். 2005 அக்டோபர் 8 பூகம்பத்திலும் தஜ்ஜி வீடுகள் பல நின்றன. அதைப் பார்த்துத்தான் எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் பாகிஸ்தான் அரசு புனரமைப்பில் தஜ்ஜி முறையை முறைப்படி ஏற்றுக்கொண்டது. பல்லாயிரம் வீடுகள் அப்படியே மறுபடி கட்டப்பட்டன. 2009-ல் யுனெஸ்கோ, ராண்டால்ஃப் லாங்கன்பாக் என்ற கட்டடக்கலை வல்லுநரை வைத்து காஷ்மீரின் பழைய வீடுகளைப் பற்றிப் புத்தகமே போட்டது. அதன் தலைப்பு, "இடித்துத் தள்ளாதீர்கள்" என்று ஒரு கெஞ்சல்.

சரி, சன்னல். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பழைய வீடுகளில் சன்னல் என்றால் பிஞ்ரா காரி. சின்னச் சின்ன மரச் சீவல்களை ஒன்றோடொன்று கோத்து, பசையோ ஆணியோ பெரிதாக இல்லாமல் அழுத்தத்திலேயே நிற்கும் பின்னல் வேலை. கோடையில் அதன் வழியாகக் காற்றும் வெளிச்சமும் கோலம் போட்ட மாதிரி தரையில் விழும். குளிர் வந்ததும் அதன் மேல் காகிதம் ஒட்டிவிடுவார்கள். கண்ணாடி அபூர்வமாக இருந்த காலம். அறை முழுக்கப் பால் போன்ற மங்கல் வெளிச்சம், காற்று உள்ளே வராது. வசந்தத்தில் கிழித்துவிட்டால் சன்னல் திறந்த மாதிரி. திரைச்சீலையை மாற்றுவது என்று சொன்னால் இதுவல்லவா மாற்றம்! எங்கள் வீட்டுக்காரரின் அம்மா தான் சின்னப் பெண்ணாக இருந்தபோது காகிதத்தில் விரலால் ஓட்டை போட்டுப் பனியை வேடிக்கை பார்த்ததற்கு அடி வாங்கியதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "அந்த ஓட்டை வழியாக ஒரு நாள் முழுக் குளிரும் உள்ளே வந்துவிடும் மகனே" என்பார்.

மேல்தளத்தைக் கோடைக்கும் கீழ்த்தளத்தைக் குளிருக்கும் வைத்துக்கொள்வதும் உண்டு. மாடியில் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சன்னல் மாடத்துக்கு டப் என்று பெயர். நிலா பார்க்க வசதியாக இருந்தால் ஸூன் டப், நிலா மாடம். பனி தொடங்கினால் மாடி காலி. குடும்பம் மொத்தமும் கீழே ஒரே அறைக்கு இறங்கிவிடும். வீட்டுக்குள்ளேயே ஒரு குடிபெயர்ப்பு. பணக்கார வீடுகளில் கூரையின் உட்பக்கம் கதம்பந்த் இருக்கும். சிறு மரத்துண்டுகளை நட்சத்திரமும் அறுகோணமுமாகக் கோத்த விதானம். மிர்ஸா ஹைதர் காலத்தில் வந்த கலை என்று சொல்லிக்கொள்வார்கள். பார்க்க அழகு, மேலே காற்றை அடைத்து வைப்பதால் சூடும் வெளியேறாது.

தரைக்கு வந்தால் பெண்களின் ராஜ்யம். நாற்காலி மேஜை எல்லாம் வெள்ளைக்காரன் கொண்டு வந்தது. அடியில் ஏரியில் விளையும் நாணலில் பின்னிய வகூவ் பாய். கோடைக்கு அது போதும், குளுகுளுவென்று இருக்கும். குளிருக்கு அதன் கீழே வைக்கோலும் போவதுண்டு. மேலே நம்தா, அதற்கும் மேலே கப்பா, வசதி இருந்தால் கம்பளம். நம்தா என்பது நெய்யாமல் ஆட்டு ரோமத்தை நனைத்து உருட்டி அழுத்திச் செய்வது. ஒரு காலத்தில் யார்கண்டில் இருந்து லே வழியாக வெறும் நம்தா வரும், ஸ்ரீநகரில் பூவேலை செய்வார்கள். எல்லை மூடியதும் அந்த வழி போச்சு. கப்பா இன்னும் எளிமை. கிழிந்த கம்பளிகளைச் சேர்த்துச் சாயம் போட்டு, ஒட்டி, சங்கிலித் தையல் போட்டுப் புது விரிப்பாக்குவது. அனந்தநாக் இதற்குப் பேர்போன ஊர். குப்பையில் போக வேண்டியது வீட்டின் நடுவில் உட்கார்ந்து வருகிறவரை வரவேற்கிறது. (வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்தாவில் பஞ்சு கலந்தால் சீக்கிரம் பிரியும், ரோமம் எத்தனை பங்கு என்று கேட்டு வாங்குங்கள். தண்ணீரில் முக்காதீர்கள். தட்டி, வெயிலில் காயவைத்து, பூச்சி உருண்டை போட்டுச் சுருட்டி வைத்தால் பல வருஷம் வரும்.)

ஹருத், அதாவது இலையுதிர்காலம், வந்தால் வீட்டின் வெளிப்புறம் நிறம் மாறும். யாரும் அலங்காரம் என்று நினைத்துச் செய்வதில்லை. மிளகாயைச் சரம் சரமாகக் கோத்துச் சன்னலிலும் இறவாரத்திலும் தொங்கவிடுவார்கள். சுவரெல்லாம் சிவப்பு. பக்கத்தில் சுரைக்காய், கத்தரிக்காய், தக்காளி, டர்னிப் எல்லாம் நறுக்கிக் காய்ந்துகொண்டிருக்கும். ஹோக் சியுன் என்ற இந்த வற்றல்கள்தான் பனியில் பாதை அடைபட்டால் சாப்பாடு. என் மனைவி முதல் வருஷம் பார்த்துவிட்டு "நம்ம ஊர் வத்தல்தானே, என்னமோ பெரிசா சொல்றீங்க" என்றாள். வத்தல்தான். ஆனால் நமக்கு அது குழம்புக்குச் சுவை. அவர்களுக்கு ஜனவரி மாத உயிர். அதே ஹருத்தில்தான் உதிர்ந்த சினார் இலைகளைக் கூட்டி எரித்துக் காங்ரிக்குக் கரி செய்வார்கள். மண் சட்டியைச் சுற்றிப் பிரம்புப் பின்னல், ஃபெரன் அங்கிக்குள் வைத்துக்கொள்ளும் கைக்கணப்பு. சரார்-இ-ஷெரீஃப் காங்ரி நல்ல வேலைப்பாடு உள்ளது, புதுப்பெண்ணுக்குச் சீராகவும் போகும். அழகாக இருக்கிறது என்று ஒரேயடியாகப் புகழ்ந்துவிட முடியாது. தொடர்ந்து வயிற்றிலும் தொடையிலும் சூடு பட்டதால் வந்த தோல் புற்றுநோயை 1866-லேயே டாக்டர் எல்ம்ஸ்லி பதிவு செய்திருக்கிறார். இன்று கேஸ் ஹீட்டர் வந்து, மூடிய அறையில் மூச்சுத் திணறி இறப்பதும் குளிர்தோறும் செய்தியாகிறது. சூட்டுக்கு அந்த ஊரில் எப்போதும் ஒரு விலை இருந்திருக்கிறது.

வீடு மட்டுமா, அரசாங்கமே பருவத்துக்குப் பெட்டி கட்டிய ஊர் அது. 1872-ல் மகாராஜா ரண்பீர் சிங் தொடங்கிய தர்பார் மாற்றத்தில், கோப்புகள் எல்லாம் லாரி லாரியாக அக்டோபரில் ஜம்முவுக்கும் வசந்தத்தில் ஸ்ரீநகருக்கும் போய்வந்தன. 2021-ல் நிறுத்தினார்கள். 2025-ல் மறுபடி தொடங்கினார்கள். ஜம்மு கடைக்காரர்களுக்கு அதில் குளிர்கால வியாபாரம் இருக்கிறது.

திரும்பி வராத பெட்டிகளும் உண்டு. பண்டிதர் குடும்பங்களில் போஹ் மாதம், நம் மார்கழி தை வாக்கில், வீட்டுத் தெய்வத்துக்கு மீனும் சோறும் படைக்கும் வழக்கம் இருக்கிறது. காட பத்த என்பார்கள். மேல்தளத்தில் கொண்டுபோய் வைப்பார்கள். குளிர் நடுவில் வீட்டுக்கே ஒரு விருந்து. வசந்தத்தில் நவ்ரே அன்று காலையில் எழுந்ததும் அரிசி, பூ, தயிர், வால்நட், கண்ணாடி வைத்த தாலத்தில் கண் விழிப்பார்கள். கன்னியாகுமரிப் பக்கத்து வாசகர்களுக்குக் கனி காண்பது ஞாபகம் வரும். 1990-ல் அந்தக் குடும்பங்களில் பெரும்பாலானவை பள்ளத்தாக்கை விட்டு ஓடின. தெய்வத்துக்குச் சோறு ஜம்முவிலும் தில்லியிலும் ஃப்ளாட்டில் வைக்கிறார்கள். ஹப்பா கதல் பக்கம் நடந்தால் அவர்கள் விட்டுப்போன வீடுகளைப் பார்க்கலாம். மரமும் மண்ணும் வைத்துக் கட்டிய வீட்டை ஆள் இல்லாமல் விட முடியாது. பனியைத் தள்ள வேண்டும், ஒழுகும் இடத்தை அடைக்க வேண்டும், கரையான் பார்க்க வேண்டும். அந்த வேலைகள் நின்றபோது பூகம்பம் தள்ளாத வீட்டை நாலு மழையும் பனியும் தள்ளியிருக்கின்றன. பிஞ்ரா சன்னல்களைச் சிலர் கழற்றி விற்றுவிட்டார்கள். மிச்சம் இருப்பவற்றில் ஒட்டக் காகிதமும் இல்லை, கிழிக்க ஆளும் இல்லை. அங்கே நின்று போட்டோ எடுக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால் படம் கேட்காதீர்கள்.

கடைசியாக என் தொழில் சமாச்சாரம். வீட்டுக் கடனுக்கு வரும் பழைய தாக் வீட்டை மதிப்பிடும்போது கான்கிரீட் சட்டமா, செங்கல் சுமைச்சுவரா என்று படிவம் கேட்கும். மரச்சட்டத்தில் செங்கல் என்றால் "இதர" என்ற பத்தியில் போகும், மிச்ச ஆயுள் குறைவாக வரும், கடன் தொகையும் குறையும். அதே மனையில் இடித்துவிட்டுக் கான்கிரீட் கட்டுகிறேன் என்றால் கடன் தாராளம். ஐந்து தலைமுறை நின்ற வீடு காகிதத்தில் தோற்று, நாளைக் கட்டப்போகும் வீடு ஜெயித்துவிடும். ஒரு வாடிக்கையாளர் என்னிடம் நேராகக் கேட்டார், "மேனேஜர் சாப், இந்த வீடு 1885-ஐப் பார்த்தது, 2005-ஐப் பார்த்தது. உங்கள் படிவம் எதைப் பார்த்தது?" டீ வரவழைத்துக் கொடுத்தேன். குறிப்பில் இரண்டு வரி கூடுதலாக எழுதினேன். தொகை மாறவில்லை. அவரும் தேவதாரு விலையில் பழைய மாதிரி பழுது பார்க்கக் கட்டுப்படியாகாது என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். அடுத்த கோடையில் இடித்தார்.

ஒன்று மட்டும் வேடிக்கை. இப்படிக் கட்டும் புது வீடுகளின் எஸ்டிமேட்டில் தவறாமல் ஒரு வரி வருகிறது: ஹமாம். முன்னே மசூதியிலும் செல்வந்தர் வீட்டிலும் மட்டும் இருந்தது. தேவ்ரி கல்லைத் தரையாகப் பாவி, அடியில் விறகு எரிக்கும் அறை. கான்கிரீட்டும் பெரிய கண்ணாடிச் சன்னலும் குளிரை உள்ளே கூட்டி வந்துவிட்டதால், ஒரே ஒரு அறையையாவது பழைய முறையில் கட்டிக்கொள்கிறார்கள். டிசம்பர் வந்தால் மூன்று மாடி வீட்டில் குடும்பம் மொத்தமும் அந்த ஒரு அறைக்குத்தான் இறங்குகிறது. தரையில் கப்பா விரித்து, முதுகுக்குத் திண்டு வைத்து, உப்புத் தேநீர் சமாவாரில் கொதிக்க உட்கார்ந்திருப்பார்கள். சோபா செட்டும் மாடி அறைகளும் மார்ச் வரை பூட்டியே கிடக்கும்.